பயிற்றுநர் படங்களும் என் இடது காலும்

இந்தப் படங்களில் ஒன்று தொலைக்காட்சியில் தொடங்கினால் நான் எழும்பிக் குசினிக்குள் சமையலைப் பார்க்கப் போய்விடுவேன். "அம்மாவுக்கு இனிக் கோபம் வரப்போகுது" என்று என் பிள்ளைகள் சிரிப்பார்கள். கோபம் அல்ல, இளக்காரம். எல்லாம் ஒரே படம். தோற்றுக்கொண்டே இருக்கிற ஒரு பள்ளிக்கூட அணி. எங்கிருந்தோ வந்து சேருகிற ஒரு பயிற்றுநர். அவருக்கு ஒரு பழைய சோகம் இருக்கும். அதை ஆற்றுவதற்குப் பிறத்தியார் பெற்ற பிள்ளைகள் வேண்டும். முதல் அரைமணி நேரம் மழைக்குள் ஓடவிட்டு வதைப்பார். அடுத்த அரைமணி நேரத்தில் பிள்ளைகளுக்கு அவர்மேல் பாசம் பொங்கிவிடும். கடைசியில் உடைமாற்றும் அறையில் ஒரு பேச்சு, பேச்சு முடிய வயலின். வயலின் தொடங்கிவிட்டால் அதன்பிறகு அந்தப் படத்தில் யாருக்கும் கால் நோகாது.

எனக்கு நோகும். மாரி தொடங்குகிறது என்று வானொலி சொல்ல முன்னம் என் இடது கணுக்கால் சொல்லிவிடும். படியிறங்கும்போது வலது காலை முன்னுக்கு வைத்து, கம்பியைப் பிடித்து, இடது காலைப் பிறகு இழுத்துக்கொள்வேன். பதினேழு வயதில் ஊரிலேயே வேகமாக ஓடிய பெண்பிள்ளை நான். சைக்கிளில் போகிற பெடியன்களைப் பந்தயம் பிடித்து முந்தியிருக்கிறேன். அதற்காக அம்மாவிடம் அகப்பைக்காம்பால் அடியும் வாங்கியிருக்கிறேன். அந்தக் கால் ஒரு படத்தால் போனது. அதுவும் முழுதாகப் பார்க்காத ஒரு படத்தால்.

எங்கள் பள்ளிக்கூடம் யாழ்ப்பாணத்து வலிகாமத்தில், ஆணும் பெண்ணும் படிக்கிற ஒரு கலவன் பாடசாலை. தொண்ணூற்றுநாலில் எங்களுக்கு வலைப்பந்து பழக்கிய ரீச்சர் வெளிநாடு போய்விட்டார். அந்த இடத்துக்கு வேறு ஆள் இல்லாமல் சமூகக்கல்வி வாத்தியாரை, எங்கள் சேரை, போட்டார்கள். அவர் எண்பத்துமூன்று கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கிய சனங்களில் ஒருவர். கொழும்பில் சனிக்கிழமை தவறாமல் ஆங்கிலப் படம் பார்த்தவராம். பதினொரு வருடமாக எங்களோடு இருந்தும் மனிதர் அந்தத் தியேட்டரை விட்டு வெளியே வரவில்லை. வலைப்பந்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, வளையம் உயரத்தில் இருக்கும் என்பது மட்டும்தான்.

இதில் பெரிய பகிடி என்னவென்றால் நாங்கள் தோற்கிற அணியே அல்ல. எங்கள் கோல் சூட்டர் பனைபோல வளர்ந்தவள். அவளிடம் பந்து போனால் கண்ணை மூடிக்கொண்டும் போடுவாள். நான் சென்ரர், நடுவில் நின்று பந்தைக் கடத்துகிறவள். ரீச்சர் போனபிறகும் நாங்களே பழகி, நாங்களே வென்று, கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டோம். ஆனால் வென்றுகொண்டிருக்கிற அணியை வைத்துக்கொண்டு ஒரு பயிற்றுநர் என்ன செய்வது? அவருக்குத் தேவைப்பட்டது தோற்றுப்போன பிள்ளைகள். அதனால் அதிபரிடமும் பெற்றோரிடமும் அவர், "ஒண்டுக்கும் உதவாமல் கிடந்த பிள்ளையள், நான்தான் தூக்கி நிமித்தினனான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். நாங்கள் அதைக் கேட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரித்தது போதாது.

கடைசிப் போட்டிக்கு இரண்டு கிழமைக்கு முன்னம், ஒரு ஞாயிறு காலை, எங்களுக்குப் படம் போட்டார். சண்டையும் பொருளாதாரத் தடையுமாக, மின்சாரம் என்பதை எல்லோரும் மறந்துபோயிருந்த காலம். சுவிசில் மகன் இருக்கிற ஒரு வீட்டிலிருந்து ரீவியும் வீடியோ டெக்கும் வந்தன. விஞ்ஞான அறையின் யன்னல்களுக்கு நாடகத் திரைச்சீலைகளைக் கட்டி இருட்டாக்கினார்கள். வெளியே வேப்பமரத்தின்கீழ் மண்ணெண்ணெயில் ஓடுகிற ஜெனரேற்றர். அதை முடுக்குவதற்கு மட்டும் பெற்றோல் வேண்டும். ஒரு சின்னப் போத்தலில் இருந்த பெற்றோலைக் குழந்தைக்குக் கண்மருந்து விடுவதுபோலச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். ஒரு சொட்டு நிலத்தில் விழுந்ததற்கு ஒருவர் "ஐயோ" என்றார்.

படம் ஆங்கிலம். ஜெனரேற்றர் போட்ட சத்தத்தில் அது சீனமாக இருந்தாலும் எங்களுக்கு ஒன்றுதான். சேர் ரீவிக்குப் பக்கத்தில் கையில் தடியோடு நின்று, ஒவ்வொரு வசனத்தையும் தமிழில் சொன்னார்.

"இது ஒரு பள்ளிக்கூடக் கால்பந்து அணி" என்றார்.

சூட்டருக்குப் பொறுக்கவில்லை. "என்ன சேர் இது? கால்பந்து எண்டு சொன்னியள், பந்தைக் கையிலையெல்லோ தூக்கிக்கொண்டு ஓடுறாங்கள்?"

"அது அமெரிக்காக் கால்பந்து."

"அப்ப கால் என்னத்துக்கு சேர்?"

"ஓடுறதுக்கு. வாயை மூடிக்கொண்டு பாரும்."

வலைப்பந்து தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய பகிடி என்று விளங்கும். எங்கள் விளையாட்டில் பந்தைப் பிடித்தால் அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். முதலில் ஊன்றிய காலைத் தூக்கி மற்ற இடத்தில் வைத்தால் பிழை. நடுவர் விசில் ஊதிப் பந்தை மற்றப் பக்கத்துக்குக் கொடுத்துவிடுவார். பந்தோடு ஓடுகிற படத்தைப் போட்டு, பந்தோடு ஓடக்கூடாத பிள்ளைகளுக்கு அவர் உற்சாகம் ஊட்டினார். அடுத்த நாள் பயிற்சியில் எங்கள் இரண்டு பேர் உண்மையிலேயே பந்தை அணைத்துக்கொண்டு ஓடினார்கள்.

படத்தில் ஒரு பெடியனுக்குக் கால் போய்விடுகிறது. கெட்டிக்காரன், அணியின் உயிரே அவன்தான். வைத்தியர் விளையாடக்கூடாது என்கிறார். கடைசிப் போட்டி அன்று அவன் ஊன்றுகோலோடு மைதான ஓரத்து வாங்குப் பலகையில் இருக்கிறான். அணி தோற்றுக்கொண்டிருக்கிறது. பயிற்றுநர் திரும்பி அவனைப் பார்க்கிறார். அவன் அவரைப் பார்க்கிறான்.

ஜெனரேற்றர் ஒருமுறை இருமி நின்றுவிட்டது. முடுக்கப் பெற்றோல் இல்லை. போத்தலைக் கவிழ்த்துத் தட்டியும் பார்த்தார்கள்.

"பரவாயில்லை. மிச்சத்தை நான் சொல்லுறன்" என்றார் சேர்.

பாதியில் நின்ற படத்தின் மிச்சத்தைப் பார்த்தவர் வாயால் கேட்பது அந்த வருடங்களில் எங்களுக்குச் சாதாரணம். ஜெனரேற்றர் நிற்கும், கதை நிற்காது. ஏற்கெனவே பார்த்த ஒருவர் எழும்பி நின்று, பாட்டைப் பாடி, சண்டையைத் தனியாகப் போட்டு, கலியாணத்தையும் செய்துவைத்து முடிப்பார். நாங்களும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டதாகவே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வோம். சொல்கிறவரைச் சந்தேகிக்க வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் ஒருநாளும் தோன்றியதில்லை.

சேர் நன்றாகச் சொன்னார், அதை மறுக்கமாட்டேன். அந்தப் பெடியன் ஊன்றுகோலை எறிந்துவிட்டு எழும்புகிறான். பயிற்றுநர் அவன் தோளில் கை வைக்கிறார். கடைசி நிமிடத்தில் இறங்குகிறான், பந்தைப் பிடிக்கிறான், விழுந்து எழும்பி ஓடுகிறான், வெல்கிறார்கள். சொல்லும்போது அவர் கண்கள் கலங்கின. முன்வரிசையில் இருந்த இரண்டு பேர் விக்கி அழுதார்கள். எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

போட்டிக்கு நாலு நாள் இருக்க, பயிற்சியில் எம்பிப் பந்தைப் பிடித்துக் கீழே வந்தபோது இடது கால் மடங்கியது. கணுக்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியது. முறிவு பார்க்கிற பரியாரியார் அழுத்திப் பார்த்துவிட்டு, "எலும்பிலை வெடிப்பு. ஒரு மாதத்துக்குக் காலை ஊண்டப்படாது. ஊண்டினால் பிறகு என்னட்டை வராதையுங்கோ" என்றார். மருந்து அரைத்து வைத்து, இரண்டு பக்கமும் தடி கொடுத்துக் கட்டினார்.

அன்று பின்னேரமே சேர் வீட்டுக்கு வந்தார். அம்மா தேத்தண்ணீர் கொடுத்தார். அவர் அதைக் குடிக்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் இருந்தது கவலை என்று அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அது பரிசுச்சீட்டு விழுந்தவனின் முகம். படத்தில் இருந்தது அப்படியே அவருக்குக் கிடைத்துவிட்டது.

"அவ விளையாடத் தேவையில்லை, அம்மா. சும்மா வந்து வாங்கிலை இருந்தாக் காணும். இவவைக் கண்டால் மற்றப் பிள்ளையளுக்கு ஒரு தெம்பு."

"பரியாரியார் கால் ஊண்டப்படாது எண்டவர், சேர். கால் கோணிப்போச்செண்டால் ஆர் இவளைக் கலியாணம் செய்யிறது?"

"நான் பொறுப்பு. இவவின்ரை கால் நிலத்திலை படாது."

அம்மாவுக்குப் படித்த மனிதர்களின் சொல்லில் நம்பிக்கை இருந்தது. எனக்குப் போகவேண்டும் என்று துடிப்பு. போனோம்.

போட்டி கரவெட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில். உழவு இயந்திரப் பெட்டியில் வல்லைவெளிக் காற்றில் கண்ணெல்லாம் மண் அடைக்கப் போய் இறங்கினோம். பெண்பிள்ளைகளைத் தனியே அனுப்பக்கூடாது என்று துணைக்குச் சங்கீத ரீச்சரும் வந்திருந்தார். என்னைச் சூட்டர் முதுகில் தூக்கிக்கொண்டுபோய் வாங்கில் இருத்தினாள். இடைவேளைக்கு நாங்கள் இரண்டு கோல் பின்னுக்கு. இரண்டு கோல் என்பது ஒன்றுமே இல்லை. எனக்குப் பதிலாகச் சென்ரரில் விளையாடிய பிள்ளை நன்றாகத்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளை ஒருவரும் நினைப்பதில்லை. நானாவது இங்கே சொல்லிவைக்கிறேன்.

சேர் என் முன்னால் வந்து குந்தினார். அவருடைய தமிழ் மாறியது. "முடிவு உம்முடையது. நான் உம்மை இறங்கும்படி சொல்லமாட்டேன். உமது இதயம் என்ன சொல்கிறது?"

எங்கள் ஊரில் யாரும் யாரிடமும் இதயத்தைப் பற்றி விசாரித்தது கிடையாது. ஆனால் எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை. இந்தப் படங்களில் நான் ஆகக் கூடுதலாக அருவருப்பது இந்த இடத்தைத்தான். பயிற்றுநர் ஒருநாளும் கட்டளை இடமாட்டார். உன் விருப்பம் என்பார். சுற்றி நின்று அணி முழுவதும் பார்த்துக்கொண்டிருக்கும். பதினேழு வயதுப் பிள்ளையின் இதயம் பிறகு வேறு என்னத்தைச் சொல்லும்? கால் போனால் அது அவளின் வீரம். வென்றால் அவரின் திறமை. எவ்வளவு வசதி.

"வேண்டாம் சேர், பிள்ளையின்ரை தாய்க்கு வாக்குக் குடுத்தனீங்களெல்லோ" என்றார் சங்கீத ரீச்சர். சேர் அவரைத் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் உயர்த்தினார். நான் "இறங்கிறன் சேர்" என்றேன். தடிக்கட்டைச் சூட்டர்தான் அவிழ்த்தாள். சேருக்கு வலு ஒழுக்கம்: பெண்பிள்ளையின் காலைத் தொடமாட்டார். முறிப்பதற்குத் தொடத் தேவையில்லைத்தானே.

நான் பிடித்தது ஒரேயொரு பந்து. எம்பிப் பிடித்தேன். இறங்கும்போது இடது கால்தான் முதலில் ஊன்றியது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம் கேட்டது. கோலடியில் நின்ற சூட்டருக்கும் கேட்டதாம். நான் விழுந்தேன். படமென்றால் மைதானமே அமைதியாகியிருக்கும். எங்கள் நடுவர் விசில் ஊதினார். விழுந்தபோது ஊன்றிய கால் நகர்ந்துவிட்டதாம், பிழையாம், பந்து கரவெட்டிப் பிள்ளைகளுக்கு. சட்டப்படி அவர் சரி. நிலத்தில் கிடந்தபடியே என் கையிலிருந்த பந்தைக் கொடுத்தேன்.

ஒன்பது கோலால் தோற்றோம். இரண்டு கோலில் நின்ற தோல்வி, என்னைத் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்து என் அணி நடுங்கிப்போனதால் ஒன்பது ஆனது. வென்ற பிள்ளைகள்தான் ஓடிவந்து தண்ணீர் தந்தார்கள், பெட்டிக்குள் சாக்கு விரித்தார்கள். வல்லைவெளி முழுக்க, பெட்டி துள்ளும் ஒவ்வொரு தரமும் நான் கத்தினேன். சேர் முன்னுக்கு ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருந்தார்.

எலும்பு பொருந்தியது, நேராகப் பொருந்தவில்லை. பெரியாஸ்பத்திரியில் மருந்துக்கே வழியில்லாத நாள்கள் அவை. மூன்று மாதத்தால் எழும்பி நடந்தபோது அம்மா குசினிக்குள் போய் நின்று அழுதது எனக்குக் கேட்டது. சேர் ஒருமுறை விசுக்கோத்துப் பெட்டியோடு வந்தார்.

"நாங்கள் புள்ளியிலைதான் தோத்தனாங்கள் அம்மா, மனசாலை வெண்டிட்டம்."

"மனசுக்கும் கப் குடுக்கிறவங்களோ, சேர்?" என்று கேட்டார் அம்மா. கேட்டுவிட்டு, படலையைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார். விசுக்கோத்தை நாய்க்குப் போட்டோம்.

அந்தப் படத்தை நான் பிறகு முழுதாகப் பார்த்தேன். பல வருடங்கள் கழித்துக் கொழும்பில், உறவினர் வீட்டில், தற்செயலாக. வாங்கில் இருக்கிற பெடியனைக் கண்டதும் எழும்பி ரீவிக்குக் கிட்டப் போய் நின்றேன். பயிற்றுநர் திரும்பி அவனைப் பார்க்கிறார். அவன் எழும்பப் பார்க்கிறான். அவர் அவனைத் தோளில் பிடித்து அமர்த்துகிறார். "இரு, உனக்கு இன்னும் அறுபது வருடம் நடக்க இருக்கிறது" என்கிறார். அவன் அழுகிறான். அணி தோற்கிறது. அவ்வளவுதான் படம். நான் பார்த்த இந்த வகைப் படங்களில் உருப்படியானது அது ஒன்றுதான். அதைத்தான் எங்கள் சேர் திருத்தி அமைத்தார்.

ஆனால் அது தெரியவருவதற்கு வெகுகாலம் முன்பே அவரை நான் இன்னொருமுறை சந்தித்தேன். தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் நெருங்கிவர, வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் ஊரை விட்டு எழும்பி நடந்தபோது. அப்பா சைக்கிளில் மூட்டைகளை ஏற்றி உருட்டினார். நான் ஏறியிருக்க அதில் இடமில்லை. மழை. அடி அடியாக நகர்ந்து, அரியாலை கடந்து, செம்மணி வெளிக்கு வரும்போது விடிந்துவிட்டது. இரண்டு பக்கமும் தண்ணீர், நடுவில் தெரு, தெரு நிறையச் சனம். என் கால் மரத்துப்போய், பிறகு எரிந்து, மறுபடியும் மரத்துப்போயிருந்தது. ஒவ்வோர் அடிக்கும் அந்த மனிதரை மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டினால் நடக்க முடிந்தது.

தெருவோரச் சேற்றில் ஒரு பெண் இருந்துவிட்டாள். மடியில் கைக்குழந்தை, பக்கத்தில் சட்டையைப் பிடித்தபடி ஐந்தாறு வயதுப் பிள்ளை ஒன்று. புருஷன் வழியில் சனத்துக்குள் பிரிந்து தொலைந்துவிட்டானாம். அம்மா அவளின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"என்னாலை ஏலாது அக்கா. நீங்கள் போங்கோ. என்னை விடுங்கோ."

சனம் அவளைச் சுற்றிக்கொண்டு போனது. அப்போது பின்னால், "தங்கச்சி, எழும்புங்கோ" என்று ஒரு குரல் கேட்டது. திரும்பத் தேவையிருக்கவில்லை. சேர் ஒரு சூட்கேசைத் தலையில் வைத்துக்கொண்டு, தலையிலிருந்து தண்ணீர் வடிய நின்றார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"இந்தப் பிள்ளையைப் பாருங்கோ. என்ரை மாணவி. முறிஞ்ச காலோடை விளையாடினவ. வேண்டாம் வேண்டாமெண்டு நான் மறிக்க, கேளாமல் இறங்கினவ. கடைசி நிமிசம். விழுந்தவ, எழும்பினவ, பந்தை எறிஞ்சவ. நாங்கள் வெண்டனாங்கள், தங்கச்சி! அந்தக் கால்தான் இது. அந்தக் காலோடைதான் இப்ப இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறா."

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் கொடுமை. அவருடைய கண்கள் அன்று விஞ்ஞான அறையில் கலங்கியதுபோலவே கலங்கியிருந்தன. மனிதர் அதை நம்பினார். மறித்தாராம். வென்றோமாம். அந்தத் தெருவில், அவ்வளவு சனத்துக்கு நடுவில், அவரின் முகத்துக்கு நேரே சொல்லவேண்டியதெல்லாம் ஒரு வருடமாக என்னிடம் தயாராக இருந்தது. வாயையும் திறந்துவிட்டேன்.

அந்தப் பெண் அவரைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தாள். சேற்றுக்குள் கோணலாக நின்ற கணுக்காலைப் பார்த்தாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைக் கேட்டாள்.

"உண்மையே தங்கச்சி? வெண்டனீங்களோ?"

அம்மா என் முகத்தைப் பார்த்தார். அந்தச் சின்னப் பிள்ளையும் பார்த்தது.

"ஓம் அக்கா" என்றேன். "வெண்டனாங்கள்."

கையை நீட்டினேன். அவள் பிடித்துக்கொண்டு எழும்பினாள். அவளின் பாரம் முழுவதும் என் இடது காலில் இறங்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சேர் எதையோ சொல்ல வந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எனக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள். நாவற்குழிப் பாலம் வரைக்கும் அடிக்கடி திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்த ஒவ்வொரு முறையும் நான் நொண்டாமல் நடந்தேன்.